திருகோணமலையில் ஒரு மோட்டார் சைக்கிள் அலாரம் எதற்கெல்லாம் கத்துகிறது?

கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று திடீரென்று அலறத் தொடங்கினால், பக்கத்தில் நிற்பவர்கள் திருடனைத் தேடுவதில்லை, மானைத்தான் தேடுகிறார்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரின் கடற்கரையோரங்களிலும் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்கள், கைப்பிடியில் தொங்கும் பையில் வாழைப்பழம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்க வருகின்றன. மூக்குப் பட்டுப் பை ஆடுகிறது, பை ஆடிக் கைப்பிடி அசைகிறது, இருக்கைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த சிறு பெட்டி விழித்துக்கொள்கிறது. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மலையுச்சியில் கும்பிட்டுக்கொண்டிருக்கும் உரிமையாளருக்கு, மணியோசையிலும் கடலிரைச்சலிலும் அது கேட்பதில்லை. மானும் ஓடுவதில்லை. தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் பையிடம் திரும்பிவிடுகிறது.

இந்த ஊரில் அலாரம் பூட்டிய வண்டி வைத்திருப்பவர்கள், அதைப் பற்றிப் பேசும்போது ஏதோ குணங்கெட்ட மாட்டைப் பற்றிப் பேசுவதைப்போலவே பேசுகிறார்கள். இரவில் காரணமில்லாமல் கத்துகிறது, மழை பிடித்தால் வாயைத் திறக்க மறுக்கிறது, நான்கு நாள் ஊரில் இல்லாவிட்டால் வண்டியையே ஸ்டார்ட் ஆக விடாமல் செய்கிறது என்பன வழக்கமான முறைப்பாடுகள். ஆனால் இக்கருவியின் கோணங்கித்தனங்கள் எனச் சொல்லப்படுபவற்றுள் ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் எளிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்தக் காரணங்களிற் பல திருகோணமலையின் காற்றிலும் உப்பிலும் வெயிலிலும் இருக்கின்றன. எங்கோ ஒரு தொழிற்சாலையில், பொதுவான ஒரு வீதியை மனத்தில் வைத்து அளவுகள் நிர்ணயிக்கப்பட்ட பெட்டி இங்கு வந்து சேரும்போது, அது இந்த ஊருக்குப் பழக்கப்படுத்தப்பட வேண்டியிருக்கிறது. அந்த வேலையை எவரும் செய்வதில்லை என்பதே உண்மையான சிக்கல்.

நமது வண்டிகளில் உள்ள அலாரங்களிற் பெரும்பாலானவை வண்டியோடு வந்தவை அல்ல. வாங்கிய பின்னர் உதிரிப்பாகக் கடையிலோ கராஜிலோ பூட்டப்படுபவை. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதிலிருந்து பிரியும் வயர்க் கற்றை, ஒரு சைரன், இரண்டு ரிமோட்டுகள், உள்ளடக்கம் இவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு நுண்கட்டுப்படுத்தி, ரிமோட்டின் சொல்லைக் கேட்கும் ஒரு வானொலி வாங்கி, ஓர் அதிர்வு உணரி, இயந்திரத்துக்குச் செல்லும் மின்சாரத்தை வெட்டும் ஒரு ரிலே ஆகியவை இருக்கும். பல தயாரிப்புகளில் இவை எல்லாவற்றின் மேலும் பிசினை ஊற்றி இறுக்கிவிடுகிறார்கள். ஈரத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் பழுதுபட்டால் திறந்து பார்ப்பதற்கு வழியில்லை.

எல்லாக் குழப்பமும் தொடங்குவது அதிர்வு உணரியில். மலிவான பெட்டிகளில் இருப்பது, பித்தளைத் தகட்டின்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய பீங்கான் வில்லை; பீசோ என்று சொல்வார்கள். இதை வளைத்தால் அல்லது அதிரச்செய்தால் சிறிதளவு மின்னழுத்தம் பிறக்கும். அந்த மின்னழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டினால் பெட்டி முதலில் இரண்டு மூன்று தடவை ‘கீக்’ என்று எச்சரிக்கும். சில விநாடிகளுக்குள் மறுபடியும் அதிர்ந்தால் முழுக் குரலில் அலறும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், பீசோ வில்லை அளப்பது மாற்றத்தின் வேகத்தை. சடுதியான சிறு தட்டல் அதற்குப் பெரிய செய்தி. மெதுவாக, பொறுமையாக நிகழும் பெரிய அசைவு அதற்குச் செய்தியே அல்ல. கடந்துபோகும் ரிப்பர் லொறிக்குக் கத்தும் அதே வண்டி, மணலில் ஸ்டாண்ட் மெல்ல மெல்லப் புதைந்து ஒருபக்கமாகச் சாயும்போது பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முடுக்கமானி என்ற மின்னணு உணரி பொருத்திய புதிய வகைகள் சாய்வையும் அறியும். ஆனால் அவற்றின் விலைக்கு மலிவான பெட்டிகள் இரண்டு வாங்கலாம் என்று கடைக்காரர் சொன்னவுடன் நம் கை தானாகவே மலிவானதன் பக்கம் போய்விடுகிறது.

இப்படிப்பட்ட உணரிக்குத் திருகோணமலை எப்படித் தென்படும் என்று எண்ணிப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசுகிறது. (கோயில் வாசலில் சுருளில் விற்கும் கச்சானைச் சொல்லவில்லை, மேற்கே தரைப்பக்கமிருந்து வரும் வரண்ட, சூடான காற்றைச் சொல்கிறேன்.) வெயிலிலிருந்து இருக்கையைக் காப்பதற்காக வண்டிக்குப் போர்த்திய உறை அந்தக் காற்றில் பாய்மரம்போல உப்பிப் படபடத்து வண்டியை உலுக்குகிறது. வண்டியைக் காக்க வாங்கிய உறையும் வண்டியைக் காக்க வாங்கிய அலாரமும் இரவு முழுவதும் சண்டை பிடிக்கின்றன. தூக்கத்தை இழப்பவர் அடுத்த வீட்டுக்காரர். உறையின் அடிப்பகுதியைச் சில்லுகளுக்குக் கீழாக இழுத்துக் கட்டினாலே இந்தச் சண்டையிற் பெரும்பகுதி ஓய்ந்துவிடும். ஒக்டோபரில் இடியோடு கூடிய மழை தொடங்கும்போது வேறொரு காரணம் வருகிறது. இடியின் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அழுத்த அலை யன்னல் கண்ணாடியை எப்படி நடுங்கச் செய்கிறதோ அப்படியே வண்டியின் தகடுகளையும் நடுங்கச் செய்கிறது. ஒரே இடிக்கு ஓர் ஒழுங்கையிலுள்ள நான்கைந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கொடுப்பது அதனாலேயே. தீபாவளி வெடியும் இறுதி ஊர்வலத்தில் கொளுத்தும் வெடியும் இதே வகை.

வண்டி நிறுத்தப்பட்டிருக்கும் விதமும் கணக்கில் வருகிறது. மேடு பள்ளமான சீமெந்துத் தரையில் நடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி, ஒரு காகம் வந்து அமர்ந்தாலும் ஆடும். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்பது அவ்வளவாக ஆடாது. ஓடிவந்து நிறுத்திய சூட்டோடு அலாரத்தைப் போட்டால், புகைபோக்கியும் இயந்திரமும் ஆறிச் சுருங்கும்போது எழும் ‘டிக், டிக்’ ஓசையே மிகக் கூர்மையாக வைக்கப்பட்ட உணரிக்குப் போதுமானதாக இருக்கலாம். எல்லாவற்றிலும் சிரிப்புக்கிடமானது, பெட்டியைச் சட்டகத்தோடு இறுக்காமல் இருக்கைக்கு அடியில் சும்மா திணித்துவிடுவது. சிறு அசைவில் பெட்டி இரும்பில் இடித்துக்கொள்கிறது. தான் இடித்துக்கொண்டதற்குத் தானே கூக்குரலிடுகிறது.

கூர்மையைக் குறைப்பதற்குப் பல பெட்டிகளில் ரிமோட்டின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும் முறை ஒன்று உண்டு. தயாரிப்புக்குத் தயாரிப்பு அது மாறுவதால் கூடவரும் தாளை எறிந்துவிடக் கூடாது. நாம் எல்லோரும் எறிந்துவிடுகிறோம். தாள் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சட்டகத்தோடு நேராக இறுக்கிய பெட்டிக்கு எல்லா அதிர்வும் குறையாமல் போய்ச் சேரும். இடையில் ஒரு துண்டு ஸ்பொஞ்சு வைத்துக் கட்டினால் சிறு அதிர்வுகள் அதிலேயே அடங்கிவிடும். என் வண்டிக்கு இதைச் செய்துகொடுத்த வயதான மெக்கானிக், “இனி மழைக்குக் கத்தாது தம்பி, காதைக் கொஞ்சம் பொத்தி விட்டிருக்கிறன்” என்றார். இதைவிடச் சரியான தொழில்நுட்ப விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

சைரனின் வலுவைப் பற்றியும் ஒரு கணக்கைப் பார்ப்பது நல்லது. ஒரு மீற்றர் தூரத்தில் 120 டெசிபல் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், திறந்த வெளியில் பத்து மீற்றரில் அது 100 ஆகவும் நூறு மீற்றரில் 80 ஆகவும் குறையும். எண்பது டெசிபல் என்பது வாகன நெரிசலுள்ள வீதியோரத்தின் இரைச்சலுக்கு ஒப்பானது. அதாவது, சந்தைப் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு ஒரு வீதி தள்ளிக் கடைக்குள் நிற்கும் உரிமையாளருக்கு அது கேட்க வாய்ப்பு மிகக் குறைவு; கேட்டாலும் அது தன்னுடையதா என்று அறிய வழியில்லை. ஏனெனில் ஆறு விதமான ஊளைகளை மாறி மாறி எழுப்பும் அதே சைரன்தான் அந்த வரிசையிலுள்ள பாதி வண்டிகளிலும் இருக்கிறது. கார்களுக்கான அலாரங்களைப் பற்றிய ஐக்கிய நாடுகளின் 97ஆம் இலக்க ஒழுங்குவிதி, ஓர் எச்சரிக்கை ஒலி 25 விநாடிக்குக் குறையாமலும் 30 விநாடிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. எல்லையில்லாமல் கத்தும் கருவி அயலவரை உதவிக்கு அழைப்பதில்லை, பகைத்துக்கொள்கிறது என்ற அனுபவம் அந்த மேலெல்லையின் பின்னால் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. புலி வருது, புலி வருது என்று கத்திய இடையனின் கதையை ஒழுங்கையில் உள்ள எல்லோரும் சிறுவயதில் கேட்டவர்கள்தாம். ஆயினும், மூன்றாவது இரவில் அலாரம் ஒலிக்கும்போது எவரும் யன்னலைத் திறந்து பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு கருத்தை இங்கு வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். இந்தக் கருவியில் பயனுள்ள பாதி கத்தும் பாதி அன்று, கத்தாத பாதியே. அலாரம் போடப்பட்டிருக்கும்போது, திறப்பைப் போட்டுத் திருகினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாதவாறு தீப்பொறிச் சுற்றை ரிலே வெட்டி வைத்திருக்கிறது. அதற்கு அயலவர் விழித்திருக்கத் தேவையில்லை, காற்றும் மானும் ஒரு பொருட்டில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியதும் சைரனை அல்ல, இயந்திரத்தை முடக்கிவைக்கும் இம்மொபிலைசரையே. ஒலியை நிறுத்தி முடக்கத்தை மட்டும் வைத்திருக்கும் வசதி பல ரிமோட்டுகளில் உண்டு. சத்தமில்லாமல் பூட்டும் பொத்தான் அதற்குத்தான். வண்டியை அப்படியே தூக்கி லொறியில் ஏற்றுபவருக்கு இது தடையாகாது என்பது உண்மை. அதற்குக் கைப்பிடிப் பூட்டும், அசையாத ஒன்றோடு சேர்த்துக் கட்டிய சங்கிலியுமே மறுமொழி. அவற்றை எந்தப் பெட்டியும் ஈடுசெய்யாது.

இனி, நான்கு நாளில் வண்டி செத்துப்போகும் கதைக்கு வருவோம். அலாரம் போட்ட நிலையிலும் போடாத நிலையிலும் பெட்டி முற்றாக உறங்குவதில்லை. ரிமோட்டின் அழைப்புக்காக அதன் வானொலி வாங்கி எப்போதும் விழித்திருக்க வேண்டும். மலிவான பெட்டி ஒன்று இதற்காக 10 மில்லியம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.24 அம்பியர் மணி போகிறது. நமது சிறு வண்டிகளில் உள்ள பற்றரி 4 அம்பியர் மணி அளவினது என்றால், கணக்குப்படி அது பதினாறு பதினேழு நாளில் வெறுமையாகும். ஆனால் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவதற்குப் பற்றரி வெறுமையாகாமல் இருந்தால் மட்டும் போதாது. பாதிக்குக் கீழே இறங்கினாலே அது முனகத் தொடங்கிவிடும். எனவே எட்டு நாள். இரண்டு மூன்று வருடம் உழைத்துப் பாதிக் கொள்ளளவை இழந்த பற்றரி என்றால் நான்கு நாள். போதாக்குறைக்கு, ஈய அமிலப் பற்றரி சும்மா இருக்கும்போதே தானாகச் சிறிது சிறிதாக வெறுமையாகும் வேகம், வெப்பநிலை பத்துப் பாகை உயரும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கச்சான் காலத்துத் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தியன்று.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வண்டிகள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றபோது பலர் இதை முதன்முதலாக அறிந்தார்கள். 2022இல் மீண்டும் ஒருமுறை அறிந்தார்கள். பெற்றோல் தட்டுப்பாட்டில் வண்டிகள் நின்றுபோயின. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டளவில் பெற்றோல் வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு நான்கு லீற்றர். குறைவாக ஓடும் வண்டி குறைவாகவே பற்றரியை நிரப்புகிறது. அலாரமோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் தன் பங்கைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறது. தாங்கியிலிருந்து பெற்றோலைக் களவெடுப்பார்கள் என்ற பயத்தில் அலாரம் பூட்டியவர்கள், கடைசியில் பெற்றோல் கிடைத்த நாளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசைக்குப் போனார்கள்.

இந்தச் சிக்கலை மிக நேர்த்தியாகத் தீர்த்தவர்கள் கடற்றொழிலாளர்களே என்று நினைக்கிறேன். கொட்பே துறைமுகத்திலிருந்து பலநாட் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர் திரும்பிவர இரண்டு கிழமையும் ஆகலாம். அவ்வாறு போகும் ஒருவர் செய்வதைப் பார்த்தேன்: கைப்பிடியைப் பூட்டிச் சங்கிலியும் போட்டபின், இருக்கையைத் திறந்து அலாரத்தின் பியூஸை மட்டும் உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பூட்டும்போதே அலாரத்துக்குத் தனியான பியூஸ் ஒன்றை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லியிருந்ததால்தான் அது முடிந்தது. அப்படிச் சொல்லாதவர்கள் பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டியிருக்கும். சில வகைகளில் பெட்டிக்கு மின்சாரம் போகாவிட்டால் ரிலே தன் வழமையான நிலைக்கு, அதாவது சுற்றை இணைத்து வைத்திருக்கும் நிலைக்குத் திரும்பி வண்டி ஓடும். வேறு சிலவற்றில் ஓடாது. இதை வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. நிலாவெளிக் கடற்கரையில் இரவு எட்டு மணிக்கு அறிந்துகொள்ளும் தகவல் இதுவன்று.

உப்பு தனியே பேசப்பட வேண்டியது. உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்துவிட்டு, வயரில் களிம்பு பிடிக்கிறதே என்று வியப்பதில் பொருளில்லை. டச்சுக் குடாவையோ உட்துறைமுக வீதியையோ ஒட்டி நிற்கும் வண்டியின் இணைப்புகளில், காற்றோடு வரும் உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பைப் பச்சையாக்குகின்றன. கடலை விட்டுத் தள்ளி உள்நாட்டில் இருக்கும் கந்தளாயில் நிற்கும் வண்டிக்கு அதே நிலை வருவதற்கு நெடுங்காலம் ஆகும். வயரை உரித்து முறுக்கிக் கறுப்பு நாடா சுற்றிய இணைப்புகளே முதலில் போகின்றன. வெப்பத்தில் நாடாவின் பசை இளகிவிட, அதற்குள் ஈரம் தங்குகிறது. இணைப்பின் தடை கூடியதும் பெட்டிக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் குறைகிறது. செல்ஃபை அழுத்தும் கணத்தில் அது இன்னும் சரிந்து, நுண்கட்டுப்படுத்தி மயங்கி மறுபடி தொடங்குகிறது. ஓடத் தொடங்கிய வண்டி ஒரு ‘கீக்’ ஒலியோடு நின்றுவிடுவதும், அழுத்தாத பொத்தானுக்கு அலாரம் மறுமொழி சொல்வதும் பெரும்பாலும் இதன் விளைவே. பேய் பிடித்துவிட்டதோ என்று ஐயுற்று எலுமிச்சங்காய் கட்டுவதற்கு முன், இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லிப் பார்க்கலாம். எலுமிச்சங்காயையும் கட்டலாம், அதில் மின்கசிவு இல்லை.

ரிமோட்டின் குணங்கள் வேறு. இங்கு கிடைப்பவற்றிற் பல 433.92 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுகின்றன. கம்பியில்லா வாசல் மணியும் தானியங்கிப் படலையும் பேசுவதும் இதே இடத்தில்தான். இந்த அதிர்வெண்ணில் அலைநீளத்தின் காற்பங்கு ஏறத்தாழ 17.3 சென்ரிமீற்றர். பெட்டியிலிருந்து எங்கும் இணைக்கப்படாமல் தொங்கும் ஒற்றை வயர் ஏறத்தாழ அந்த நீளத்தில் இருப்பது தற்செயல் அல்ல, அதுவே அன்ரெனா. எனது வண்டிக்கு முதலில் அலாரம் பூட்டியவர் அதை வேலையற்ற வயர் என்று எண்ணி அரைவாசியில் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து வண்டியைத் தொட்டுக்கொண்டு நின்றால்தான் ரிமோட் வேலை செய்தது. வயரைச் சுருட்டி இரும்போடு சேர்த்துக் கட்டினாலும் இதே நிலைதான்.

மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணையே சொல்கின்றன. பழைய வகையொன்றில் எட்டு இடங்களும் இடத்துக்கு மூன்று நிலைகளுமாக மொத்தம் 6561 சேர்க்கைகளே உண்டு. கோயில் திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே திடலில் நிற்கும்போது, ஒருவர் பொத்தானை அழுத்த இன்னொருவருடைய வண்டி பதில் சொன்னால் அதிசயப்பட வேண்டியதில்லை. சாவி வெட்டும் கடைகளில் ரிமோட்டைப் படியெடுக்க முடிவதும் எண் மாறாததனாலேயே. அழுத்தும் தோறும் எண் மாறும் வகை இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. வண்டிக்குக் கேட்காத தூரத்தில் குழந்தை ரிமோட்டை வைத்து விளையாடினால் ரிமோட்டின் எண்ணிக்கை முன்னே ஓடிவிடுகிறது. இடைவெளி சிறிதென்றால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். பெரிதென்றால் ஒருமுறை அழுத்தலை நம்பாது, அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால்தான் தன் எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்ளும். ரிமோட் பழுதென்று எறிவதற்கு முன் இருமுறை அழுத்திப் பாருங்கள். கன்னியா வெந்நீரூற்றில் சாறத்தின் மடியில் ரிமோட்டோடு குளித்தவருக்கு மட்டும் இந்த அறிவுரை பயன்படாது. அவர் உடனே மின்கலத்தைக் கழற்றி, ரிமோட்டைத் திறந்து நிழலில் உலர்த்த வேண்டும்.

தூரத்திலிருந்தே வண்டியை ஸ்டார்ட் செய்யும் பொத்தானைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கியரில் நிறுத்திய வண்டியை அது ஸ்டாண்டோடு முன்னே பாயச் செய்யும். அந்த வயரை இணைக்காமலே விடச் சொல்வது நல்லது.

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025 வரை மீளாதிருந்த காலத்தில் பழைய வண்டிகள் பல கை மாறின; அவற்றோடு பழைய அலாரங்களும் கை மாறின. விற்றவர் ஒரு ரிமோட்டைத் தந்துவிட்டு மற்றது தொலைந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்; சொல்வது பெரும்பாலும் மெய்யாகவே இருக்கும். ஆனாலும் பல பெட்டிகளில் ரிமோட்டைப் புதிதாகப் பழக்கும்போது முன்பு பழகியவை அழிந்துவிடும் என்பதால், பழையதை மறக்கச் செய்து, கையிலிருப்பதையும் புதிதாக வாங்கியதையும் சேர்த்தே பழக்குவது அரைமணி நேர வேலைதான். அதே வேளையில் வண்டியில் முன்னர் இருந்த வேறோர் அலாரத்தின் வெட்டப்பட்ட வயர்கள் உள்ளே தொங்குகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எனது வண்டியில் இரண்டு தலைமுறை வயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் முனை உரிந்து சட்டகத்தில் உரசிக்கொண்டிருந்தது. மழைக்கு மட்டும் வண்டி நின்றுபோனது ஏன் என்று அன்றுதான் தெரிந்தது.